மண்வள அட்டையில் இல்லாத 13-வது வரி: வேர்ப் பூஞ்சைகள் செடிக்கு என்ன செய்கின்றன?

மைசூரிலிருந்து ஊட்டி போகும் சாலையில் சுமார் 25 கி.மீ. தூரத்தில் இருக்கிறது நஞ்சன்கூடு. இன்ஃபோசிஸ் ட்ரெய்னிங்குக்காக மைசூரில் தங்கியவர்களில் பலர் வார இறுதியில் இந்த ஊரைத் தாண்டித்தான் போயிருப்பீர்கள். கபினி ஆற்றங்கரை, ஸ்ரீகண்டேஸ்வரர் கோயில் ஆகியவற்றோடு இந்த ஊருக்கு இன்னொரு பெருமையும் உண்டு: நஞ்சன்கூடு ரசபாளெ. நம் ஊர் ரஸ்தாளியின் குடும்பத்தைச் சேர்ந்த வாழை. புவிசார் குறியீடு பெற்றது.

குறியீடு கிடைத்துவிட்டது, ஆனால் பழம் கிடைப்பதுதான் அரிதாகிவிட்டது. ஒரு காலத்தில் இந்த வட்டாரம் முழுக்கப் பயிரான வாழை, இப்போது மிகக் குறைந்த பரப்பில் மட்டுமே நிற்கிறது. முக்கியக் காரணம் மண்ணில் வாழும் ஒரு பூஞ்சை. அதே மண்ணில் வாழும் வேறு சில பூஞ்சைகளோ செடிக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கின்றன. இந்த இரண்டு கூட்டத்தையும் பிரித்துப் புரிந்துகொண்டால், உரம், மண், பயிர் பற்றிய பல கேள்விகளுக்கு விடை கிடைக்கும்.

ரசபாளெக்கு என்ன ஆச்சு?

பனாமா வாடல் நோய். இதற்குக் காரணம் ஃபியுசேரியம் என்ற பூஞ்சை. வேர் வழியாக வாழைக்குள் நுழைந்து, தண்ணீர் மேலே ஏறும் குழாய்களை அடைத்துவிடுகிறது. முதலில் கீழே உள்ள பழைய இலைகள் மஞ்சளாகின்றன. பிறகு இலைகள் காம்போடு ஒடிந்து தண்டைச் சுற்றித் தொங்குகின்றன. மண்ணில் ஈரம் இருந்தும் மரம் தண்ணீரில்லாமல் வாடுகிறது.

மோசமான விஷயம் என்னவென்றால், மரத்தை வெட்டி எறிந்தாலும் பூஞ்சை போகாது. தடித்த உறையுள்ள வித்துகளாக மாறி, பல பத்தாண்டுகள் மண்ணிலேயே காத்திருக்கும். நோயுள்ள தோட்டத்துப் பக்கக்கன்று, மண்வெட்டியில் ஒட்டிய மண், பாசனத் தண்ணீர் என எதில் வேண்டுமானாலும் பக்கத்து வயலுக்குப் போய்ச் சேரும்.

உலகம் இதை முன்பே பார்த்திருக்கிறது. லத்தீன் அமெரிக்காவில் ஏற்றுமதிக்காக வளர்க்கப்பட்ட க்ரோ மிஷெல் என்ற ரகம் இதே நோயால் வீழ்ந்தது. 1950-60களில் அதன் இடத்தை, அந்த நோய்வகையைத் தாங்கும் கேவண்டிஷ் பிடித்தது. இன்று சூப்பர்மார்க்கெட்டில் நீங்கள் வாங்கும் நீளமான வாழைப்பழம் அதுதான்.

நஞ்சன்கூட்டில் அப்படி ரகத்தை மாற்றினால் விவசாயிக்கு வருமானம் வரலாம், ஆனால் அது ரசபாளெ ஆகாது. 'வேறு ஊருக்குக் கொண்டுபோய் நடலாமே' என்றும் சொல்ல முடியாது. புவிசார் குறியீடு என்பதே ஒரு பொருளை அதன் மண்ணோடு கட்டிப்போடுவது. நோய் குடியேறியதும் அதே மண்ணில்தான்.

அப்போ பூஞ்சை எல்லாமே எதிரியா?

இல்லை. நிலத்தில் வாழும் தாவர இனங்களில் சுமார் 70 சதவீதம் அல்லது அதற்கு மேல், ஒரு குறிப்பிட்ட வகைப் பூஞ்சையோடு கூட்டணி வைத்திருக்கின்றன. நெல், சோளம், தக்காளி, மிளகாய், மா, வாழை எல்லாம் இந்தப் பட்டியலில் உண்டு. இந்தக் கூட்டணிக்குப் பெயர் மைக்கோரைசா. கிரேக்க மொழியில் 'பூஞ்சை வேர்' என்று பொருள். 1885-ல் ஜெர்மன் தாவரவியலாளர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃப்ராங்க் இந்தச் சொல்லை உருவாக்கினார். நம் ஊர் வேளாண் துறையிலும் உரக்கடையிலும் இதை 'வேம்' என்றோ 'வேர் உட்பூசணம்' என்றோ சொல்வார்கள்.

கூட்டணி புதிதல்ல. ஸ்காட்லாந்தின் ரைனி என்ற இடத்தில் கிடைத்த, சுமார் 40 கோடி ஆண்டுகள் பழமையான தாவரப் புதைபடிவங்களுக்குள்ளேயே இப்படிப்பட்ட பூஞ்சை இருக்கிறது. அந்தச் செடிகளுக்கு உண்மையான வேர்கூடக் கிடையாது. வேர் வருவதற்கு முன்பே பூஞ்சை வந்துவிட்டது.

உரம் போட்டால் போதாதா, பூஞ்சை எதுக்கு?

ஒரு செடிக்கு 17 தனிமங்கள் தேவை. கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மூன்றும் காற்றிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் வந்துவிடும். மீதி 14-ஐ முக்கியமாக மண்தான் கொடுக்க வேண்டும். அதில் பெரிய மூன்று: தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து. நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம்.

இதில் சிக்கலான ஆள் மணிச்சத்து. தழைச்சத்தின் நைட்ரேட் தண்ணீரோடு ஓடி வேரிடம் வந்துசேரும். மணிச்சத்து அப்படி நகராது. செம்மண்ணில் இரும்போடும் அலுமினியத்தோடும் ஒட்டிக்கொள்ளும். சுண்ணாம்பு அதிகமுள்ள கரிசலில் கால்சியத்தோடு சேர்ந்துவிடும். வேர் தன்னைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் இருப்பதை எடுத்த பிறகு, அந்த இடம் காலி. அடுத்த மில்லிமீட்டரில் சத்து இருந்தாலும் எட்டாது.

ஒரு சின்னக் கணக்கு. 50 கிலோ டி.ஏ.பி. மூட்டையில் 46 சதவீதம் மணிச்சத்து என்று எழுதியிருக்கும். அது பாஸ்பரஸ் ஆக்சைடு கணக்கில் 23 கிலோ. தனிப் பாஸ்பரஸாகப் பார்த்தால் சுமார் 10 கிலோதான். அதில் போட்ட பருவத்திலேயே பயிர் எடுத்துக்கொள்வது, மண்ணைப் பொறுத்து மாறினாலும், பொதுவாக 15-20 சதவீதம். அதாவது ஒன்றரை முதல் இரண்டு கிலோ. மீதி பெரும்பாலும் மண்ணில் பூட்டிய நிலையில் கிடக்கும்.

மானியம் போக ஒரு மூட்டை 1,350 ரூபாய். டி.ஏ.பி.க்கான மூலப்பொருளான பாறை பாஸ்பேட்டில் பெரும்பகுதியை இந்தியா இறக்குமதிதான் செய்கிறது. ஆக, பூட்டிக் கிடக்கும் ஒவ்வொரு கிலோவிலும் விவசாயியின் பணமும் இருக்கிறது, உங்கள் வரிப்பணமும் இருக்கிறது.

பூஞ்சை இங்கே என்ன செய்கிறது?

வேர் போக முடியாத இடத்துக்கு அது போகிறது. மைக்கோரைசா பூஞ்சையின் இழை 2 முதல் 10 மைக்ரான் தடிமன்தான். உங்கள் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. அதனால் வேர்த்தூவிகூட நுழையாத மண் இடுக்குகளில் நுழைந்து, வேரிலிருந்து பல சென்டிமீட்டர் தள்ளிப் போய் மணிச்சத்தை எடுத்துவருகிறது. துத்தநாகம், தாமிரம் போன்ற நகராத சத்துகளும் இதே வழியில் வருகின்றன. செடி எடுக்கும் மணிச்சத்தில் 80 சதவீதம் வரை பூஞ்சை வழியாகவே வரலாம் என்று பரிசோதனைகள் காட்டியிருக்கின்றன.

இழையின் இன்னொரு முனை வேரின் செல்லுக்குள்ளேயே போய், குட்டி மரம் மாதிரிக் கிளைவிடுகிறது. பரிமாற்றம் நடப்பது அந்த இடத்தில்தான்.

ஓசியில் எதுவும் இல்லை. இலைகள் ஒளிச்சேர்க்கையில் தயாரிக்கும் கார்பனில் 4 முதல் 20 சதவீதம் வரை இந்தப் பூஞ்சைக்குச் சம்பளமாகப் போகிறது. சர்க்கரையாக மட்டுமல்ல, கொழுப்பாகவும் செடி கொடுக்கிறது என்பது 2017-ல் உறுதியானது. இந்தப் பூஞ்சையால் தனக்குத் தேவையான கொழுப்பை முழுமையாகத் தயாரித்துக்கொள்ள முடியாது. செடி இல்லாவிட்டால் அதற்குப் பிழைப்பு இல்லை.

உரம் அதிகமானால் கூட்டணி ஏன் முறிகிறது?

மணிச்சத்து குறையும்போது செடி தன் வேரிலிருந்து ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற வேதிப்பொருளைக் கசியவிடுகிறது. 'ஆள் தேவை' விளம்பரம் மாதிரி. அதை உணர்ந்து பூஞ்சை இழைகள் கிளைவிட்டு வேரைத் தேடி வருகின்றன. இந்தச் சமிக்ஞையை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2005-ல் கண்டறிந்தார்கள்.

மண்ணில் மணிச்சத்து தாராளமாக இருந்தால்? செடி விளம்பரத்தை நிறுத்திவிடும். கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதற்கு எதற்குச் சம்பளம்? அதாவது, தேவைக்கு மேல் டி.ஏ.பி. போடும் வயலில் பூஞ்சைக்கு வேலை குறைந்துகொண்டே போகும். கூடவே அடிக்கடி ஆழ உழுதால் இழைகள் அறுபடும். நிலத்தைப் பயிரின்றி நீண்டகாலம் சும்மா போட்டால் அவை பட்டினி கிடக்கும். சில பூஞ்சைக்கொல்லிகள் நல்லது கெட்டது பார்க்காமல் கொல்லும்.

இதற்காக 'உரமே வேண்டாம்' என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள். பூஞ்சை சத்தை உருவாக்குவதில்லை, இருப்பதைக் கொண்டுவருகிறது. அறுவடையோடு வயலை விட்டு வெளியே போகும் சத்தை ஏதாவது ஒரு வழியில் திருப்பிப் போட்டே ஆக வேண்டும். குறிப்பாக வாழை, சாம்பல் சத்தை மிக அதிகமாக எடுக்கும் பயிர்.

மண்வள அட்டை இதைக் காட்டுமா?

காட்டாது. 2015 பிப்ரவரியில் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் 12 அளவீடுகள் உண்டு: தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமில நிலை, உப்பின் அளவைக் காட்டும் மின் கடத்துத்திறன், அங்கக கார்பன். பயனுள்ள பட்டியல்தான். ஆனால், மண்ணில் உயிரோடு இருப்பது என்ன என்று நேரடியாகச் சொல்லும் வரி ஒன்றுகூட இல்லை. கொஞ்சம் கோடி காட்டுவது அங்கக கார்பன் மட்டுமே.

இதன் விளைவு என்ன தெரியுமா? ஃபியுசேரியம் குடியேறிய வயலும் சுத்தமான வயலும் அட்டையில் ஒரே மாதிரித் தெரியலாம். நல்ல பூஞ்சை நிறைந்த வயலும் அது அழிந்த வயலும்கூட அப்படித்தான். எண்ணாததை நாம் நிர்வகிப்பதில்லை. சத்து குறைவு என்று அட்டை சொன்னால் மூட்டை வாங்குவோம். சத்தைக் கொண்டுவரும் ஆள் இல்லை என்றால் சொல்வது யார்?

இந்தப் பூஞ்சை ரசபாளெயைக் காப்பாற்றுமா?

தனியாக முடியாது. ஆனால் உதவும்.

வாழை இந்தக் கூட்டணியில் நன்றாகச் சேரும் பயிர். நோயில்லாத நடவுப்பொருள் வேண்டும் என்பதற்காகத் திசு வளர்ப்புக் கன்று பரிந்துரைக்கப்படுகிறது. ஆய்வகத்தில் கிருமியே இல்லாமல் வளர்வதால் ஃபியுசேரியம் இருக்காது. அதே காரணத்தால் நல்ல பூஞ்சையும் இருக்காது. நாற்றங்கால் பருவத்திலேயே மைக்கோரைசாவைச் சேர்த்தால் கன்று நன்றாகத் தேறுவதாகவும், வாடல் நோயின் தீவிரம் குறைவதாகவும் பல பரிசோதனைகளில் தெரியவந்துள்ளது. ட்ரைக்கோடெர்மா என்ற இன்னொரு மண் பூஞ்சை, ஃபியுசேரியத்தோடு நேரடியாகவே மோதுகிறது. அதனால் அதையும் சேர்த்துப் பயன்படுத்துகிறார்கள்.

எந்தப் பூஞ்சையைச் சேர்ப்பது என்பதும் முக்கியம். பெங்களூரு வேளாண் அறிவியல் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த டி.ஜே. பாக்யராஜ் பல பத்தாண்டுகள் இந்தத் துறையில் வேலை செய்தவர். அவரது குழுவின் ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: ஒரே மைக்கோரைசா இனம் எல்லாப் பயிருக்கும் சமமாக உதவாது, பயிருக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நோய் ஏற்கெனவே முற்றிய வயலில் இவற்றை மருந்து மாதிரி ஊற்றினால் அதிசயம் நடக்காது. சுத்தமான கன்று, நோயுள்ள மண்ணை வெளியே கொண்டுபோகாத ஒழுங்கு, பயிர்ச் சுழற்சி ஆகிய எல்லாவற்றோடும் சேர்ந்தால்தான் இவற்றுக்குப் பலன்.

மாடித் தோட்டத்துக்கு வாங்கலாமா?

பெங்களூரிலோ சென்னையிலோ பால்கனியில் நாலு தொட்டி வைத்திருக்கிறீர்களா? ஆன்லைனில் மைக்கோரைசா பாக்கெட் பார்த்திருப்பீர்கள். வாங்கும் முன் இதைக் கவனியுங்கள்:

- எந்தச் செடிக்கு? முள்ளங்கி, முட்டைக்கோஸ், காலிஃபிளவர், கடுகு, பீட்ரூட், பாலக் போன்றவை இந்தக் கூட்டணியில் சேராதவை. அவற்றுக்கு வாங்கினால் காசு வீண். தக்காளி, மிளகாய், கத்திரி, வெண்டை, வெங்காயம் என்றால் சரி.
- எங்கே போடுவது? மேலே தூவிவிட்டுப் போனால் பெரிதாகப் பயன் இருக்காது. விதைக்கும்போதோ நாற்று நடும்போதோ வேரைத் தொடும் இடத்தில் போட வேண்டும்.
- எந்தக் கலவையில்? தேங்காய் நார்க்கழிவில் வளர்க்கிறீர்கள் என்றால் பயன் அதிகம். அதில் இயற்கையாக இந்தப் பூஞ்சை இருக்க வாய்ப்புக் குறைவு. நல்ல தோட்ட மண்ணில் ஏற்கெனவே இருக்கும்.
- லேபிளில் என்ன இருக்கு? 1985-ம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் மைக்கோரைசா உயிர் உரத்துக்குத் தர அளவு உண்டு. ஒரு கிராமில் குறைந்தது 100 உயிருள்ள பெருக்க அலகுகள் இருக்க வேண்டும். எண்ணிக்கையும் காலாவதித் தேதியும் இல்லாத பாக்கெட்டைத் தொடாதீர்கள்.
- கூட எதைப் போடக் கூடாது? மணிச்சத்து அதிகமுள்ள உரத்தை அதே நேரத்தில் அள்ளிப் போட்டால், செடிக்குப் பூஞ்சை தேவைப்படாது.

சொந்த ஊரில் நிலம் இருந்தால் பாக்கெட்டை விட முக்கியமான வேலைகள் உண்டு. உழவைக் குறையுங்கள், காய்ந்த இலை தழையால் மூடாக்கு போடுங்கள், பயிர் இல்லாத காலத்தில் சணப்பை போன்ற பசுந்தாள் உரப் பயிரை விதையுங்கள். ஏற்கெனவே மண்ணில் இருக்கும் பூஞ்சைக்கு வேர் கிடைத்துக்கொண்டே இருந்தால், அது தானாகப் பெருகும். வாழைக்கன்று வாங்கும்போது எந்தத் தோட்டத்திலிருந்து வருகிறது, அங்கே வாடல் நோய் இருந்ததா என்று ஒரு கேள்வி கேளுங்கள். நஞ்சன்கூட்டில் பரவியது போன்ற நோய் உங்கள் வயலுக்கு வருவதை அந்த ஒரு கேள்வி தடுக்கலாம்.