முகத்துக்கு முன் இடம்: லல்லிங்ஸ்டோன் மார்பளவுச் சிலைகள் பற்றி

உரோமானிய வீடுகளிலிருந்து கிடைத்த பளிங்கு மார்பளவுச் சிலைகளைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் "இவர் யார்?" என்ற கேள்வியிலேயே தொடங்குகின்றன. வீட்டுச் சிலைகளைப் பொறுத்தவரை இக்கேள்வி இரண்டாவதாகவே வர வேண்டும். சிலை எந்த அறையில் இருந்தது, அதன் எதிரே என்ன வைக்கப்பட்டிருந்தது, எத்தனை தலைமுறை அது அங்கே நின்றது என்பவையே முதலில் ஆராயத்தக்கவை. இதற்கு லல்லிங்ஸ்டோனைவிடத் தெளிவான சான்று நான் அறிந்தவரை வேறில்லை.

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், டேரென்ட் ஆற்றையொட்டி உள்ளது லல்லிங்ஸ்டோன் பண்ணை மாளிகை. 1949-இல் ஜி. டபிள்யூ. மீட்ஸ் தலைமையில் நடந்த அகழாய்வில் அதன் நிலவறையிலிருந்து இரண்டு ஆண் சிலைகள் வெளிவந்தன. அவை இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. பளிங்கு மத்தியதரைக் கடல் பகுதியிலிருந்து வந்தது, வேலைப்பாடு கி.பி. 2ஆம் நூற்றாண்டினது. இக்காலக் கணிப்பில் பெரிய கருத்து மாறுபாடு இல்லை. பேரரசின் தொடக்கத்தில் கழுத்தையும் மார்பின் சிறு பகுதியையும் மட்டும் காட்டிய இவ்வகைச் சிலை, 2ஆம் நூற்றாண்டில் தோள், முழு மார்பு, மேற்கை வரை விரிந்தது. முன்பு வண்ணத்தால் மட்டும் தீட்டப்பட்ட கண்மணியை ஹேட்ரியன் காலந்தொட்டு உளியால் குடைந்து காட்டினார்கள். கல்லின் எடையைக் குறைக்க முதுகுப்புறத்தைக் குடைந்து, நடுவில் ஒரு தாங்குதண்டை விட்டுவைப்பதும் வழக்கம்.

சிற்பி யார் என்பதும் எந்தப் பட்டறை என்பதும் இங்கே நமக்கு உதவா. நிலவறை உதவும். முன்னரே அது வழிபாட்டிடமாக இருந்தது. சுவரிலிருந்த மாடத்தில் நீர்த்தேவதையர் ஓவியம் இருந்தது. பிற்காலத்தில் சிலைகள் அங்கே வைக்கப்பட்டன. அவற்றின் முன் தரையில் கலயங்கள் பதிக்கப்பட்டன. அவை படையலுக்கானவை என்பதே மீட்ஸின் கருத்து. தரையைக் குடைந்து பதித்த கலயத்துக்கு அதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

சிலைகளில் ஒன்று, பிரிட்டனின் ஆளுநராக இருந்து 193-இல் சில மாதங்கள் பேரரசராகவும் ஆண்ட பெர்டினாக்ஸ் என்றும், மற்றது அவருடைய தந்தை என்றும் ஒரு கருத்து உண்டு. கவர்ச்சியான கருத்துதான். ஆனால் சிலைகளில் பெயர்ப் பொறிப்பு இல்லை. சான்றாக நிற்பது பெரிதும் முகச்சாயல். அக்காலச் செல்வர்கள் பேரரசரைப் பின்பற்றித் தாடி வளர்த்தார்கள், சிற்பிகளும் அந்த அச்சிலேயே செதுக்கினார்கள். அத்தகைய காலத்தில் சாயலை மட்டும் நம்பி ஒருவரை அடையாளம் காண்பது மிகவும் துணிச்சலானது. அடையாளம் சரியென்றே கொண்டாலும், கலயங்களைப் பதித்தவர் யாரை வணங்கினார் என்பதற்கு அது விடையாகாது. இடையில் பல தலைமுறைகள் கடந்துவிட்டன. 3ஆம் நூற்றாண்டில் வீடு நெடுங்காலம் வெறுமையாகக் கிடந்தது என்றும், மீண்டும் குடியேறியவர்கள் சிலைகளுக்கு உரியவரை அறியாமலே அவற்றை நிலவறையில் வைத்தார்கள் என்றும் மீட்ஸ் கருதினார். அந்த இடைவெளியை ஐயுறலாம். ஆனால் வணங்கியவர்களுக்குப் பெயர் தேவைப்பட்டது என்று காட்ட எச்சான்றும் இல்லை.

மூதாதையர் முகங்களை மெழுகில் செய்து வீட்டுப் பேழைகளில் காத்து, சவ ஊர்வலத்தில் எடுத்துச் சென்ற உரோமானிய வழக்கத்தைப் பிளினி குறிப்பிடுகிறார். அங்கே பெயரும் வகித்த பதவியும் இன்றியமையாதவை. லல்லிங்ஸ்டோனில் நடந்தது வேறு. அங்கே சிலை ஒரு குடும்பத்தின் உடைமை என்ற நிலையைக் கடந்து, வீட்டையே காக்கும் சக்தியாக ஆகியிருக்கிறது.

4ஆம் நூற்றாண்டில் அதே நிலவறைக்கு மேலிருந்த அறை கிறித்தவ வழிபாட்டுக் கூடமானது. கிறித்துவின் கை-ரோ குறியும், கைகளை விரித்து மன்றாடும் மாந்தரும் சுவர்களில் தீட்டப்பட்டனர். சமயம் மாறிய குடும்பம் பழைய சிலைகளைக் கீழே ஒதுக்கிவிட்டது என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஓவியங்களுக்கு முன்பே சிலைகள் நிலவறைக்கு வந்துவிட்டன. ஒதுக்கிப்போட்ட பொருளுக்கு எவரும் கலயம் பதிப்பதில்லை. மேலே மன்றாட்டு நடந்த நாட்களிலும் கீழே படையல் தொடர்ந்தது என்ற மீட்ஸின் ஊகத்தை நான் ஏற்கிறேன். ஒரு வீட்டில் எல்லாரும் ஒரே நாளில் சமயம் மாறியிருக்க வேண்டியதில்லை. முதியவர்களும் அடிமைகளும் பழைய வழக்கத்தை விடாமல் இருந்திருக்கலாம். 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வீடு எரிந்தபோது மேலறை நிலவறைக்குள் சரிந்து, கிறித்தவ ஓவியத் துண்டுகள் சிலைகளின் மேல் குவிந்தன. எது மேலே, எது கீழே என்பதை இன்று நாம் அறிவது அந்த அடுக்கினால்தான்.

இன்று ஏலப் பட்டியலில் வரும் உரோமானிய மார்பளவுச் சிலைக்கு உயரமும் நூற்றாண்டும் விலை மதிப்பும் தரப்படுகின்றன. கண்டெடுத்த இடம் பெரும்பாலும் இருப்பதில்லை. கள்ளச் சந்தைக்கு எதிரான 1970ஆம் ஆண்டு யுனெஸ்கோ உடன்படிக்கைக்குப் பின்னும் இந்நிலை முற்றிலும் மாறவில்லை. லல்லிங்ஸ்டோன் நிலவறையை இரவில் கடப்பாரையோடு வந்தவர்கள் தோண்டியிருந்தால், இரண்டு தாடிக்கார முகங்கள் ஏதோ ஒரு வரவேற்பறைக்குப் போயிருக்கும். பெர்டினாக்ஸா இல்லையா என்ற விவாதம் அப்போதும் நடந்திருக்கும். விலைபோகாத கலயங்களை மட்டும் எவரும் எடுத்திருக்க மாட்டார்கள்.