உள்ளே வெளியே: ஒரு சீட்டாட்டத்தின் வரலாறு

தஞ்சை வட்டாரத்தில் சீட்டாடக் கூடுவதைச் 'சீட்டுக் கச்சேரி' என்பர். சர்க்கார் அலுவலகத்திற்கும் பாட்டுக்கும் வழங்கிய சொல்லையே சீட்டுக்கும் வழங்கிய மண் இது. அக்கச்சேரிகளில் எளியது மங்காத்தா. 'உள்ளே வெளியே' என்பது அதன் மறுபெயர். வடநாட்டார் அதனையே 'அந்தர் பாகர்' என்பர், பொருளும் அதுவே. கோவாவின் காசினோக்களில் இன்று அதற்கெனத் தனி மேசைகள் உண்டு.

சூது நமக்குப் புதிதன்று. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் இடையில் 'சூது' அதிகாரத்தை வைத்தார். ஆயின் அவர் அறிந்தது கவறு. சீட்டு பின்னர் வந்தது. அதன் வழித்தடம் சொற்களில் தங்கியிருக்கிறது. நம்மவர் சொல்லும் 'கிளாவர்', ஆங்கிலத்தின் 'கிளப்' என்பதைவிட டச்சு மொழியின் 'கிளாவர்' என்பதற்கே நெருக்கமானது. ஈழத்தமிழர் இஸ்பேடை 'இஸ்கோப்பன்' என்பதும் டச்சுச் சொல்லே. நாகப்பட்டினம் 1658 முதல் 1781 வரை டச்சுக்காரர் வசம் இருந்தது என்பதை இங்கு நினைவிற்கொள்ளல் தகும்.

மங்காத்தாவின் விதி மிக எளிது. ஒரு சீட்டை வெட்டி வைப்பர். பின்னர் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என மாறிமாறிப் போடுவர். வெட்டிய சீட்டின் இனச்சீட்டு எந்தப் பக்கம் விழுகிறதோ, அந்தப் பக்கம் கட்டியவருக்கு வெற்றி. முதற்சீட்டு விழும் பக்கம் நூற்றுக்கு ஏறத்தாழ 51.5 முறை வெல்லும் என்பது கணக்கு. காசினோக்கள் அந்தப் பக்கத்திற்குச் சற்றுக் குறைத்துப் பணம் தருவது இதனாலேயே. பக்கத்தைத் தேர்ந்தபின் ஆடுபவர் செய்வதற்கு ஏதுமில்லை, காத்திருத்தல் ஒன்றே.

வீட்டுக்குள் ஆடும்போது பந்தயம் பெரும்பாலும் புளியங்கொட்டை. ஆட்டத்திற்குரிய பொழுதையும் ஆறே வகுத்தது. 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டபின் சூன் 12இல் திறப்பதும் சனவரி 28இல் மூடுவதும் வழக்கமாயிற்று. சம்பா அறுத்து வாய்க்கால் வறண்ட மாதங்களே திண்ணைக் கச்சேரிக்கு உரியவை. தண்ணீர் வந்துவிட்டால் நாற்றங்கால் அழைக்கும், சீட்டுக்கட்டு பரணேறும்.

சட்டமோ வேறோர் எல்லையைத் தேடியது. 1930ஆம் ஆண்டின் சென்னைச் சூதாட்டச் சட்டம் திறமையால் மட்டுமே ஆடப்படும் ஆட்டங்களுக்கு விலக்களித்தது. செகந்திராபாத் கிளப் ஒன்றைப் பற்றிய வழக்கில் 1967இல் உச்சநீதிமன்றம், விழுந்த சீட்டுகளை நினைவிற்கொண்டு ஆடவேண்டியிருத்தலின் ரம்மி பெரிதும் திறமை சார்ந்தது என்றது. மூன்று சீட்டு ஆட்டத்தை அதிர்ஷ்டத்தின்பாற் சேர்த்தது. இவ்வளவுகோலின்படி மங்காத்தா ஒருநாளும் தேறாது.

ஆயினும் குடும்பங்களைக் குலைத்தவை மங்காத்தா போன்ற ஆட்டங்கள் மட்டுமல்ல. 'திறமை' எனத் தேறிய ரம்மி கைப்பேசிக்குள் நுழைந்தபின் கடனும் தற்கொலையும் தமிழகத்தில் பெருஞ்செய்திகளாயின. 2022இல் தமிழகச் சட்டமன்றம் தடைச்சட்டம் இயற்றியது. 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் அத்தடையிலிருந்து நீக்கியது. 2025இல் நாடாளுமன்றமோ, திறமை, அதிர்ஷ்டம் என்ற பாகுபாட்டையே ஒதுக்கிவிட்டு, பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது.

நாம் கருதுவது இது: ஓர் ஆட்டம் விளையாட்டாவதும் சூதாவதும் அதிலுள்ள திறமையின் அளவால் அன்று, பந்தயப்பொருளாலும் எழுந்துபோகும் வேளையாலும். அறிவுக்கு வேலையே இல்லாத மங்காத்தா புளியங்கொட்டையோடு நின்றவரை எவரையும் கெடுக்கவில்லை. நினைவாற்றலைக் கேட்கும் ரம்மியோ ஓய்வறியாத திரையில் உயிரையே கேட்டது. திண்ணை ஆட்டத்தை முடித்துவைக்க மேட்டூரிலிருந்து தண்ணீர் வந்தது. கைப்பேசியின் ஆட்டத்திற்கு அப்படி ஒரு சூன் 12 இல்லை.