விருந்துக்கு மாட்டிறைச்சி ரோஸ்ட்: துண்டு சரியாக இருந்தால் பாதி வேலை முடிந்தது

சிராங்கூன் சாலை வட்டாரத்துக்கும் மாடுகளுக்கும் பழைய தொடர்பு உண்டு. ‘கண்டாங் கெர்பாவ்’ என்றால் மலாய் மொழியில் எருமைக் கொட்டகை. பஃப்ளோ ரோடு, கெர்பாவ் ரோடு என்ற பெயர்களும், கால்நடை வணிகர் பெலிலியோஸ் பெயரில் உள்ள சாலையும் அந்தக் காலத்தை நினைவூட்டுகின்றன. கொட்டகைகள் மறைந்துவிட்டன. 1982ல் இப்போதைய இடத்துக்கு மாறிய தேக்கா சந்தைக்கு, பெருநாள், கிறிஸ்துமஸ் காலங்களில் இறைச்சி வாங்க இன்றும் பலர் வருகின்றனர்.

விருந்துக்கு ரோஸ்ட் செய்பவர்கள் அடிக்கடி சொல்லும் குறை, “இவ்வளவு விலை கொடுத்தும் ரப்பர்போல ஆகிவிட்டது” என்பதுதான். பெரும்பாலும் காரணம் கைப்பக்குவம் அல்ல, வாங்கிய துண்டு.

எந்தத் துண்டு?

டாப்சைட், சர்லாயின் போன்ற கொழுப்பு குறைந்த துண்டுகள், உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும்போதே இறக்குவதற்கு ஏற்றவை. நம் வீடுகளில் பலருக்கும் முழுதாக வெந்தால்தான் பிடிக்கும். அப்படி வேகவிட்டால் இத்துண்டுகள் வறண்டுவிடும். தோள்பகுதியும் (சக்) நெஞ்சுப்பகுதியும் (பிரிஸ்கெட்) அப்படியல்ல. அவற்றிலுள்ள கொலாஜன், ஈரப்பதத்துடன் நீண்ட நேரம் வேகும்போது ஜெலட்டினாக மாறி இறைச்சியை மிருதுவாக்கும். விலையும் பொதுவாகக் குறைவு.

செய்முறை (6 முதல் 8 பேருக்கு)

எலும்பில்லாத தோள்பகுதி ஒன்றரை கிலோ. உறைந்த இறைச்சி என்றால் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உருகவிடுங்கள். ஒரு நாளுக்கு மேலாகலாம். நம் வெப்பத்தில் சமையலறை மேடையில் வைக்க வேண்டாம்.

முதல் நாள் இரவே மூன்று தேக்கரண்டி உப்பு, தலா ஒரு மேசைக்கரண்டி இடித்த மிளகு, மல்லித்தூள், வினிகர், இரண்டு தேக்கரண்டி சோம்புத்தூள், இரண்டு மேசைக்கரண்டி இஞ்சிபூண்டு விழுது ஆகியவற்றைத் தடவி, மூடிக் குளிரில் வையுங்கள்.

மறுநாள் சூடான சட்டியில் எண்ணெய் விட்டு எல்லாப் பக்கமும் சிவக்க வறுத்தெடுங்கள். அவன் தட்டில் நறுக்கிய பெரிய வெங்காயம் மூன்று, கறிவேப்பிலை, பட்டை பரப்பி, அதன்மேல் இறைச்சியை வையுங்கள். 200 மில்லிலிட்டர் தண்ணீர் ஊற்றி, அலுமினியத் தாளால் இறுக மூடி, 150 டிகிரி செல்சியசில் சுமார் மூன்று மணி நேரம் வேகவிடுங்கள். கடைசி ஒரு மணி நேரத்தில் உருளைக்கிழங்கு சேர்க்கலாம். முள்கரண்டி தடையின்றி இறங்கினால் வெந்துவிட்டது. இல்லையென்றால் இன்னும் அரை மணி நேரம் விடுங்கள். பிறகு தாளை எடுத்து, 200 டிகிரியில் 20 நிமிடம் வைத்தால் மேற்பரப்பு முறுகும்.

வெளியே எடுத்து 20 நிமிடம் கழித்து, நாருக்குக் குறுக்காக வெட்டுங்கள். நாரின் போக்கிலேயே வெட்டினால் நன்றாக வெந்த இறைச்சியும் மெல்லக் கடினமாக இருக்கும். தட்டில் தேங்கிய சாற்றைச் சுண்டவைத்தால் அதுவே குழம்பு.

அவன் இல்லாத வீட்டில், இறைச்சியை இரண்டாக வெட்டி, பிரஷர் குக்கரில் முதல் விசிலுக்குப் பின் சிறுதீயில் 50 நிமிடம் வைத்து, பிறகு வெங்காயம், மிளகுடன் சட்டியில் புரட்டி எடுக்கலாம்.

யார் யார் வருகிறார்கள்?

இந்துக்களில் பலர் மாட்டிறைச்சி உண்பதில்லை. குவான் யின் தெய்வத்தை வணங்கும் சீனர்களிலும் பலர் தவிர்க்கின்றனர். முஸ்லிம் விருந்தினருக்கு ஹலால் கடையில் வாங்குவதோடு, பன்றி இறைச்சி படாத பாத்திரங்களும் தேவை. எனவே கோழி ரோஸ்ட் ஒன்றையும் தனித் தட்டு, தனிக் கத்தி, தனிக் கரண்டியுடன் தயார் செய்து, இரண்டையும் தள்ளித்தள்ளி வையுங்கள். எது எது என்று விருந்தினர் கேட்குமுன் நீங்களே சொல்லிவிடுங்கள். கேட்கக் கூச்சப்பட்டு வெறும் சோற்றோடு எழுந்துபோகும் நிலை யாருக்கும் வராது.

மீதமானதை இரண்டு மணி நேரத்துக்குள் குளிரில் வைத்துவிடுங்கள். மறுநாள் ரொட்டிக்கும் இடியாப்பத்துக்கும் நன்றாக இருக்கும்.