மலேசிய இளையோரின் ஓய்வுக்காலச் சேமிப்பு

மலேசியாவில் தனியார் துறையில் பணிபுரிவோருக்கு, அரசு ஊழியருக்குக் கிடைத்து வந்தது போன்ற ஓய்வூதியம் இல்லை. அவர்களுடைய முதுமைக்காலம் பெரும்பாலும் ஊழியர் சேமநிதி என்னும் கட்டாயச் சேமிப்பையே நம்பியுள்ளது. மலேசியத் தமிழரிடையே இது ஈபிஎஃப் என்ற பெயரால் பரவலாக அறியப்படுகிறது. வாழ்க்கைச் செலவு உயர்ந்ததாலும், 2020 முதல் 2022 வரை சேமிப்பின் ஒரு பகுதி முன்கூட்டியே எடுக்கப்பட்டதாலும், இளைய உறுப்பினர் பலர் ஓய்வுக்காலத்திற்குப் போதிய தொகையைத் திரட்ட இயலாத நிலை ஏற்பட்டுள்ளது.

சேமநிதியின் அமைப்பு

ஊழியர் சேமநிதி 1951 ஆம் ஆண்டு, மலாயா பிரித்தானிய ஆட்சியின் கீழ் இருந்த காலத்தில் தொடங்கப்பட்டது. இன்று இது 1991 ஆம் ஆண்டின் ஊழியர் சேமநிதிச் சட்டத்தின்படி இயங்குகிறது. ஊழியர் தம் சம்பளத்தில் 11 விழுக்காட்டைச் செலுத்துகிறார். சம்பளம் 5,000 ரிங்கிட் அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் முதலாளி 13 விழுக்காடும், அதற்கு மேற்பட்டால் 12 விழுக்காடும் செலுத்த வேண்டும். எடுத்துக்காட்டாக, 2,500 ரிங்கிட் சம்பளம் பெறுபவரின் கணக்கில் மாதந்தோறும் 275 ரிங்கிட்டும் 325 ரிங்கிட்டும் சேர்ந்து 600 ரிங்கிட் வரவாகிறது.

இத்தொகைக்கு ஆண்டுதோறும் இலாப ஈவு வழங்கப்படுகிறது. குறைந்தது 2.5 விழுக்காடு வழங்கப்பட வேண்டும் என்பது சட்டம். உண்மையில் வழங்கப்பட்டது இதனினும் கூடுதலே: 2020 இல் 5.20 விழுக்காடு, 2024 இல் 6.30 விழுக்காடு.

மலேசியாவில் தனியார் துறையின் குறைந்தபட்ச ஓய்வு வயது 2013 சூலை முதல் 60 ஆக உள்ளது. ஆயினும் 55 வயதிலேயே முழுச் சேமிப்பையும் எடுத்துக்கொள்ளும் உரிமை நீடிக்கிறது. மாதாமாதம் தவறாமல் வரும் ஓய்வூதியத்திற்கும் இதற்கும் உள்ள முதன்மையான வேறுபாடு இதுவே. இங்குத் தொகை தீர்ந்துவிட்டால் மேற்கொண்டு எதுவும் வராது. வேலை முடிந்ததும் தோட்டத்து வீட்டையும் விட்டு வெளியேற வேண்டியிருந்த இரப்பர்த் தோட்டத் தமிழர் பலர் இதன் பொருளை நன்கறிவர்.

எவ்வளவு சேமிக்க வேண்டும்

சேமநிதி வாரியம் "அடிப்படைச் சேமிப்பு" என்னும் ஓர் இலக்கை வெளியிடுகிறது. இதன் கணக்கு எளியது. ஓய்வு பெற்ற பின் 20 ஆண்டுகளுக்கு, அதாவது 240 மாதங்களுக்கு, மாதந்தோறும் ஒரு குறிப்பிட்ட தொகை வேண்டும் என்று கொள்ளப்படுகிறது. 2014 இல் அத்தொகை 820 ரிங்கிட். எனவே இலக்கு 196,800 ரிங்கிட். 2017 இல் இலக்கு 228,000 ஆகவும், 2019 இல் 240,000 ஆகவும் உயர்ந்தது. 2026 சனவரி முதல் இது படிப்படியாக 390,000 ரிங்கிட்டுக்கு உயர்த்தப்படுகிறது. முந்தைய இலக்குகள் 55 வயதுக்கு உரியவை. புதிய இலக்கு 60 வயதுக்கு உரியது. ஆதலால் இரண்டையும் நேரடியாக ஒப்பிடுவது முழுமையாகப் பொருந்தாது. எனினும், 2014 இல் 22 வயதில் வேலைக்குச் சேர்ந்த ஒருவர், தம் முப்பதுகளைக் கடக்கும் முன்பே இலக்கு ஏறத்தாழ இரு மடங்காவதைக் காண்கிறார். அவருடைய சம்பளமும் அவ்வாறே இரட்டித்திருந்தால் சிக்கல் இல்லை.

வருமானமும் செலவும்

சேமநிதி வாரியமும் மலாயாப் பல்கலைக்கழகமும் இணைந்து 2019 இல் வெளியிட்ட செலவு வழிகாட்டி, கிள்ளான் பள்ளத்தாக்கில் பொதுப் போக்குவரத்தைப் பயன்படுத்தித் தனியாக வாழும் ஒருவருக்கு மாதம் 1,870 ரிங்கிட் தேவை என மதிப்பிட்டது. மகிழுந்து வைத்திருப்பவருக்கு 2,490 ரிங்கிட். அவ்வாண்டில் குறைந்தபட்ச ஊதியம் 1,100 ரிங்கிட் மட்டுமே. பின்னர் அது 2022 மே மாதத்தில் 1,500 ஆகவும், 2025 பிப்ரவரியில் 1,700 ஆகவும் உயர்த்தப்பட்டது.

மலேசியாவின் பணவீக்கம் பிற நாடுகளோடு ஒப்பிடக் குறைவு என்பது உண்மையே. 2022 இல் அது 3.3 விழுக்காடு. ஆனால் அதே ஆண்டில் உணவுப் பொருட்களின் விலை 5.8 விழுக்காடு ஏறியது. வருமானம் குறைந்தவர் அதில் பெரும்பங்கை உணவுக்கே செலவிடுவதால், பொதுச் சராசரி அவருடைய நிலையைக் காட்டுவதில்லை.

வீட்டு விலை மற்றொரு சுமை. கசானா ஆய்வு நிறுவனம் 2015 இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2014 இல் வீடுகளின் இடைநிலை விலை, குடும்பங்களின் ஆண்டு இடைநிலை வருமானத்தைப் போல் 4.4 மடங்காக இருந்தது. மூன்று மடங்குக்கு மேற்பட்டால் வீடு எட்டாத விலையில் உள்ளதாகக் கொள்ளப்படும். இவற்றோடு, 1997 இல் தொடங்கப்பட்ட தேசிய உயர்கல்வி நிதிக் கழகத்தின் கல்விக் கடனும், ஒன்பது ஆண்டுகள் வரை நீளக்கூடிய வாகனக் கடனும் சேர்கின்றன. பேருந்தும் தொடருந்தும் இல்லாத ஊர்களில் வாகனம் ஆடம்பரம் அன்று.

பெருந்தொற்றுக் காலம்

கோவிட்-19 பெருந்தொற்றின்போது வருமானம் இழந்தோருக்கு உதவும் பொருட்டுச் சேமநிதியின் கதவுகள் திறக்கப்பட்டன. 2020 இல் ஐ-லெஸ்தாரி, அதனைத் தொடர்ந்து ஐ-சினார், 2021 இல் ஐ-சித்ரா, 2022 இல் சிறப்புத் திரும்பப் பெறல் என நான்கு திட்டங்கள் வந்தன. ஐ-சினார் திட்டம், அதுவரை ஓய்வுக்காலத்திற்கென்றே காக்கப்பட்ட முதற்கணக்கிலும் கைவைக்க இடமளித்தது. ஏறத்தாழ 81 இலட்சம் உறுப்பினர்கள் மொத்தம் 145 பில்லியன் ரிங்கிட்டை எடுத்தனர். இதே காலத்தில் ஊழியரின் பங்களிப்பு விகிதமும் 11 இலிருந்து 7 ஆகவும், பின் 9 ஆகவும் தற்காலிகமாகக் குறைக்கப்பட்டது. 55 வயதுக்குட்பட்டோரில் 61 இலட்சம் பேரின் கணக்கில் 10,000 ரிங்கிட்டுக்கும் குறைவாகவே உள்ளது என்று வாரியம் 2021 இல் அறிவித்தது.

பணத்தை எடுத்தவர்களைக் குறை கூறுவது எளிது. வேலையிழந்த வீட்டில் வாடகைக்கும் அரிசிக்கும் வேறு வழி இருந்ததா என்பதையும் கருத வேண்டும்.

இளமையில் எடுக்கும் தொகையின் விலை

எடுக்கப்படும் தொகை ஒன்றே ஆயினும் இழப்பு வயதுக்கேற்ப வேறுபடும். ஆண்டுக்கு 5 விழுக்காடு ஈவு எனக் கொள்வோம். 50 வயதுடையவர் 10,000 ரிங்கிட்டை எடுக்காமல் விட்டிருந்தால் 60 வயதில் அது ஏறக்குறைய 16,300 ஆகியிருக்கும். 25 வயதுடையவர் விட்டிருந்தால் 35 ஆண்டுகளில் அது ஏறக்குறைய 55,000 ஆகியிருக்கும். விலைவாசி உயர்வால் அன்றைய ரிங்கிட்டின் மதிப்புக் குறைந்திருக்கும் என்றாலும் வேறுபாடு பெரிது. சிக்கல் யாதெனில், சம்பளம் மிகக் குறைவாகவும் கடன் மிகுதியாகவும் இருப்பது அந்த 25 வயதில்தான். எடுக்க வேண்டிய நெருக்கடி கூடுதலாக உள்ள வயதே, எடுத்தால் இழப்பு கூடுதலாகும் வயதாகவும் அமைந்துவிடுகிறது.

2024 ஆம் ஆண்டின் மாற்றம்

2024 மே 11 முதல், 55 வயதுக்குட்பட்டோரின் பங்களிப்பு மூன்று கணக்குகளாகப் பிரிக்கப்படுகிறது. ஓய்வுக்காலக் கணக்கிற்கு 75 விழுக்காடும், வீடு, கல்வி, மருத்துவம் போன்றவற்றிற்கான நல்வாழ்வுக் கணக்கிற்கு 15 விழுக்காடும், எப்போது வேண்டுமாயினும் எடுக்கக்கூடிய நெகிழ்வுக் கணக்கிற்கு 10 விழுக்காடும் செல்கின்றன. முன்னர் முதற்கணக்கிற்கு 70 விழுக்காடே சென்றது. ஆகவே அவசரத்திற்கு ஒரு சிறு வழியைத் திறந்து, முதுமைக்கான பகுதியைச் சற்று இறுக்கியது இம்மாற்றம். மேற்கூறிய 2,500 ரிங்கிட் சம்பளக்காரரின் நெகிழ்வுக் கணக்கில் மாதம் சேர்வது 60 ரிங்கிட்.

திட்டத்திற்கு வெளியே உள்ளோர்

செயலி வழி உணவு விநியோகம் செய்வோர், வாடகை வாகனம் ஓட்டுவோர், சிறுகடை நடத்துவோர் ஆகியோருக்காகச் சேமநிதி செலுத்த முதலாளி இல்லை. இவர்கள் ஐ-சாரான் திட்டத்தின் வழி தாமாக முன்வந்து செலுத்தலாம். அரசு 2025 முதல் செலுத்திய தொகையில் 20 விழுக்காட்டை, ஆண்டுக்கு 500 ரிங்கிட் உச்சவரம்புடன், ஊக்கத்தொகையாகச் சேர்க்கிறது. அதனை முழுமையாகப் பெற ஆண்டுக்கு 2,500 ரிங்கிட் செலுத்த வேண்டும். மாத வருமானம் நிலையில்லாத ஒருவருக்கு அது மாதம் 208 ரிங்கிட்டுக்கும் சற்றுக் கூடுதலான தொகையாகும். ஒரு மாதம் தவறினால் கேட்பார் எவருமில்லை.