மகாராணியின் அறையும் கமக்காரரின் அடுப்பும்

அயர்லாந்தின் தென்மேற்கே, கெரி மாவட்டத்தில், கில்லார்னி நகருக்கு அண்மையில் உள்ளது மக்றொஸ் மாளிகை. சுற்றிலும் மலைகள், எதிரே ஏரி, ஏரியை நோக்கிச் சரிந்து செல்லும் புற்றரை. நாம் நான்கு குடும்பத்தினராகப் பிள்ளைகளுடன் சென்றிருந்த அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. (அந்நாட்டில் தூறாத நாளும் உண்டோ என்பது வேறு விடயம்.)

ஹேர்பேட் என்னும் நிலப்பிரபுக் குடும்பத்தினர் 1839இல் தொடங்கி 1843இல் இதனைக் கட்டி முடித்தனர். அறைகள் 65. முடிந்து இரண்டே ஆண்டுகளில், 1845இல், உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கிற்று. அதனையே உண்டு வாழ்ந்த ஏழைகளுள் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் மாண்டனர். அதற்குக் குறையாத தொகையினர் கப்பலேறினர். மாளிகையின் விருந்து மண்டபத்தில் நின்றபோது இந்த ஆண்டுக் கணக்கே எம் மனத்தில் ஓடிற்று.

1861 ஆகஸ்டில் விக்ரோறியா மகாராணியார் இங்கு எழுந்தருளினார். தங்கியது இரண்டே இரவுகள். ஆயத்தங்களோ ஆண்டுக்கணக்கில் நடந்தன. கம்பளங்கள், திரைச்சீலைகள், வெள்ளிப் பாத்திரங்கள் யாவும் புதிதாக வந்திறங்கின. மகாராணியாருக்குத் தீயென்றால் அச்சமாம். ஆதலாற் படுக்கையறை நிலத்தளத்திலேயே ஒழுங்கு செய்யப்பட்டது. பின்னர் ஹேர்பேட் குடும்பம் கடனில் மூழ்கியது. 1899இல் மாளிகை விலைப்பட்டது. அவ்விரண்டு இரவுகளே குடியைக் கெடுத்தன என்போர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. குத்தகைப் பணத்தை நம்பி ஆடம்பரமாக வாழ்ந்த அயர்லாந்து நிலப்பிரபுக்கள் பலர் அக்காலத்தில் இப்படியே வீழ்ந்தனர்.

1911இல் கலிபோர்னியாவின் தங்கச் சுரங்க அதிபர் வில்லியம் போர்ன் இதனை வாங்கித் தம் மகள் மோட்டுக்குத் திருமணப் பரிசாக அளித்தார். சுண்ணாம்புப் பாறைகளின் மீது அமைந்த பாறைத் தோட்டமும் ஓடைத் தோட்டமும் அவர் காலத்திற் பொலிவு பெற்றன. 1929இல் மோட் இறந்தார். பெற்றோரும் கணவர் ஆர்தர் வின்சென்ற்றும் அவர் நினைவாக 1932இல் மாளிகையையும் ஏறக்குறைய 11,000 ஏக்கர் நிலத்தையும் அயர்லாந்து மக்களுக்குக் கொடையாக வழங்கினர். நாட்டின் முதலாவது தேசியப் பூங்கா அதுவே.

ஆயினும் மாளிகை முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பூட்டியே கிடந்தது. 1964இல் அவ்வூர் மக்களே முன்வந்து அதனைத் திறப்பித்து, கெரி மாவட்டத்துச் சாதாரண மக்களின் வாழ்க்கையைக் காட்டும் நூதனசாலையாக்கினர். பிரபுக்களின் வீட்டிற் குடியானவரின் பொருட்கள்! நாம் வியந்தது இதனையே. 1993இல் அருகே பழைய கமங்களையும் அமைத்தனர். மின்சாரம் வருமுன், 1930களிலும் 1940களிலும் இருந்தவாறே வீடுகள், கோழிகள், பன்றிகள், திறந்த அடுப்பில் எரியும் கரிமண் நெருப்பு.

மகாராணியின் கட்டிலைப் பார்த்தபோது ஒன்றும் பேசாதிருந்த எம்முடன் வந்த மூதாட்டி ஒருவர், கூலியாளின் கூரை வேய்ந்த குடிசையில் அடுப்பருகே குந்திவிட்டார். "எங்கட குசினி மாதிரித்தான் கிடக்குது" என்றார். பிள்ளைகள் புகை மணக்கிறதென்று மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினர். பஸ் புறப்படும் நேரமாகியும் ஆச்சி எழும்பவில்லை.