பருவம் காணும் கண்

ஓசூர் 1965 முதல் 2004 வரை எங்கள் தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அவ்வூர்க் கால்நடைப் பண்ணை 1824-இல் படைக்குதிரை நிலையமாகத் தோன்றிற்று. 1924-இல் கால்நடைத் துறையின் கைக்கு வந்தது. காளை மந்தையோடு திரிந்த காலத்தில், பசுவின் பருவத்தைக் கண்டறிவது அதன் பொறுப்பு, மனிதனுக்குக் கவலையில்லை. 1939-இல் மைசூர் அரண்மனைப் பால் பண்ணையில் சம்பத் குமாரன் இந்தியாவின் முதற் செயற்கைக் கருவூட்டலை நிகழ்த்தினார். அம்முறை பரவவே, பொறுப்பு மாட்டுக்காரர் கண்ணுக்கு மாறிற்று.

பருவம் ஏறக்குறைய 21 நாளுக்கு ஒருமுறை வருவது. 18 மணி நேரமளவே நிற்பது. கருமுட்டை வெளிப்படுவதோ அது அடங்கிச் சுமார் 12 மணி கழித்து. ஆதலின் காலையில் கண்டால் மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாட் காலையிலும் ஊசி போடுக என்று 1948-இல் அமெரிக்க நெப்ராஸ்காவில் டிரிம்பெர்கர் ஆராய்ந்துரைத்தார்.

நாங்கள் இதை அறியோம். என் கல்லூரி நாளில் எங்கள் பசு ஒரு மாலை ஓயாது கத்திற்று. கண்ணாடிபோல் வழும்பு ஒழுகிற்று. பசியென்று எண்ணிச் சோளத்தட்டை போட்டோம்! மும்முறை இவ்வாறு தவறவிட்டோம். கறவை வற்றியது, என் கல்லூரிச் சம்பளத்துக்காகத் தாயார் பித்தளைக் குடத்தை அடகு வைத்தார். பின்னர்ப் பாட்டியார் தொழுவச் சுவரில் நாளுக்கொரு கரிக்கோடு இட்டார். 21-ஆம் கோடு விழுந்த மாலை பசு கத்திற்று. மறுநாள் விடியலில் அதனை ஓட்டிக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்கு நடந்தேன்.