எலுமிச்சையளவு புளி, எதனளவு கேரட்?

எலுமிச்சையளவு புளி, நெல்லிக்காயளவு வெல்லம், சுண்டைக்காயளவு பெருங்காயம், கொட்டைப்பாக்களவு வெண்ணெய். நமது அடுக்களையின் அளவைகளில் பாதி, காய்களும் கனிகளுமே. தராசு எட்டாத இடங்களில் ஒரு காயைக் கொண்டு இன்னொரு பொருளை அளந்து வந்திருக்கிறோம். இந்த வரிசையில் கேரட்டுக்கு இடமில்லை. 'கேரட்டளவு' என்று தமிழில் எவரும் எதையும் சொல்வதில்லை.

பிந்தி வந்த காய் என்பது இதற்கு ஒரு காரணம். கேரட்டை முதலில் பயிராக்கியவை பாரசீகமும் ஆப்கானிஸ்தானமும் சார்ந்த நிலப்பகுதிகள். அங்கே அது ஊதாவும் மஞ்சளுமாக விளைந்தது. இன்று நாம் அறிந்த ஆரஞ்சு நிறம் பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் நெதர்லாந்தில் நிலைபெற்றது. ஆரஞ்சு அரச குடும்பத்தைச் சிறப்பிக்கவே அந்நிறத்தை உண்டாக்கினார்கள் என்ற கதை பலரும் விரும்பிச் சொல்வது. ஆனால் அதற்குச் சான்று கிடையாது. வட இந்தியக் குளிர்காலத்தின் சிவப்புக் கேரட் வேறொரு கிளை. நமக்கு வந்துசேர்ந்தது ஐரோப்பியக் கிளை.

கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரி ஏறினார். அதன்பின் அங்கே குடியேறிய ஆங்கிலேயர்கள் தமது ஊர்க் காய்கறிகளை அம்மலையில் பயிரிட்டார்கள். மலை ரயில் 1899இல் குன்னூரையும் 1908இல் உதகையையும் எட்டியது. கீழே வந்த காய்களுக்கு நம்மவர் இட்ட பொதுப்பெயர் 'இங்கிலீஷ் காய்கறி'. கேரட்டுக்கு 'மஞ்சள் முள்ளங்கி' என்றொரு பெயரும் வழங்கியது. சிராத்தச் சமையலில் இன்றும் இவற்றைச் சேர்க்காத வீடுகள் உண்டு. அன்றாடச் சாம்பாரில் அனுமதி, பிதிரர் இலையில் இல்லை! இரண்டு நூற்றாண்டு ஆகியும் அடுக்களை அதை வந்தவராகவே வைத்திருக்கிறது.

இடையில் ஒரு வேடிக்கை. பொன்னின் தரத்தையும் வைரத்தின் எடையையும் குறிக்கும் சொல்லையும் நாம் 'கேரட்' என்றே எழுதுகிறோம். அது கிரேக்கத்தில் ஒரு மரத்தின் விதையைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது; நமது குன்றிமணியைப்போல் அந்த விதையும் எடைக்கல்லாகப் பயன்பட்டது. காய் வேறு, அது வேறு. அளவையாகப் புகழ்பெற்ற கேரட் ஒன்று, அளவையாக உதவாத கேரட் இன்னொன்று.

ஏன் உதவவில்லை என்பதற்கு அதன் இயல்பிலும் விடை இருக்கிறது. நெல்லிக்காயும் கொட்டைப்பாக்கும் முற்றினால் ஏறத்தாழ ஒரே அளவில் நின்றுவிடும். கேரட் வேர், எத்தனை நாள் மண்ணில் விடுகிறோமோ அத்தனை நாளும் பருக்கும். நெருங்கி முளைத்தால் விரல் பருமன், இடம் கொடுத்தால் மணிக்கட்டுப் பருமன், கல் தட்டினால் இரண்டாகப் பிளந்த கால். இப்படிப்பட்டதைத் தராசில்தான் நிறுத்தாக வேண்டும்.

நிறுத்தார்கள், வீசையிலும் பலத்திலும். பழைய வெள்ளி ரூபாயின் எடை ஒரு தோலா; மூன்று தோலா ஒரு பலம், அதாவது இன்றைய 35 கிராம்; நாற்பது பலம் ஒரு வீசை, அதாவது 1.4 கிலோ. நடுத்தரக் கேரட் ஒன்று ஏறக்குறைய இரண்டு பலம் இருக்கும். கீரையைக் கட்டாகவும் வாழைக்காயை எண்ணிக்கையாகவும் கூறு கட்டிய காயைக் கண்மதிப்பாகவும் வாங்கிய கைகளுக்கு இக்கணக்கும் பழகிப்போனது. பழகியபின் அது மாறியது. எடை, அளவைச் சட்டம் 1956இல் நிறைவேறி, 1958 அக்டோபரிலிருந்து மெட்ரிக் எடைகள் படிப்படியாக வந்தன. 1962 ஏப்ரலோடு வீசை சட்டப்படி செல்லாததாயிற்று.

கடைக்காரருக்கு எடைக்கல்லை மாற்றினால் போதும். சமைப்பவருக்கு அப்படியல்ல. மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951இல் வந்தது. கிலோ புழக்கத்துக்கு வருவதற்கு ஏழாண்டு முந்தைய நூல். அத்தகைய நூல்களிலும் வீட்டு நோட்டுப் புத்தகங்களிலும் எழுதி வைத்த பலமும் வீசையும் பத்தாண்டுக்குள் அடுத்த தலைமுறைக்குப் புரியாத மொழியாகிவிட்டன. அரை வீசை என்பது 700 கிராம். அதை அரைக் கிலோ என்று படிப்பவருக்கு உப்பும் காரமும் ஏறித்தான் போகும். எலுமிச்சையளவு புளிக்கு மட்டும் எந்தச் சட்டமும் ஒன்றும் செய்யவில்லை. எளிய அளவை என்று நாம் நகைத்தது நிலைத்தது, அரசு முத்திரை பதித்தது போயிற்று.

நிற்க. கேரட்டைத் தேர்வது இன்னும் கண்ணும் கையும் செய்யும் வேலைதான். தோள்பக்கம் பச்சை படர்ந்திருந்தால், மண்ணுக்கு வெளியே வெயில் பட்டது என்று பொருள், அப்பகுதி கசக்கும். காம்படி அகன்றிருந்தால் நடுத்தண்டும் தடித்திருக்கும், இனிப்புக் குறையும். வளைத்தால் வளைவது நீர் வற்றியது. படக்கென ஒடிய வேண்டும். பக்கவேர் மயிராய் முளைத்தது நாள்பட்டது. தழையோடு கிடைத்தால் மகிழ்ந்து வாங்கலாம், ஆனால் வீட்டுக்கு வந்ததும் தழையை நறுக்கிவிட வேண்டும். அது வேரின் நீரை உறிஞ்சும். கேத்தி பாலாடா பக்கத்தில் இயந்திரத்தில் கழுவி மூட்டையாகும் கேரட்டின் பளபளப்பு அழகுதான், புதுமைக்குச் சான்றன்று. வாழைப்பழத்தோடும் ஆப்பிளோடும் வைக்காதிருப்பது நல்லது. அவை விடும் வாயுவால் கேரட் கசந்துபோகும்.

துருவியபின் கிண்ணத்தால் அளப்பதில் நமக்கு நம்பிக்கையில்லை. மெல்லிய துருவல் அமுங்கும், தடித்தது நிமிர்ந்து நிற்கும். அதே கிண்ணம் இருவேறு எடை காட்டும். அல்வாவுக்கு என்றால் தோல் சீவியபின் நிறுத்துக்கொண்டு, சர்க்கரையை அந்த எடைக்குக் கணக்கிடுவதே சரி. வார இதழ்க் குறிப்புகள் 'கேரட் - 3' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. அதைக் கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு என்று கொள்ளலாம். மணிக்கட்டுப் பருமனில் வாய்த்தால் இரண்டே போதும்.